மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியவர்

என் வீட்டுக்காரருக்குத் திசை தெரியாது. சங்கரன்கோவிலிலேயே பிறந்து, இங்கேயே மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்து, ஐம்பதை நெருங்கிவிட்ட மனிதர். ஆனாலும் ரத வீதியில் நிறுத்திய பைக்கைத் தேடி நாலு வீதியும் சுற்றி வருவார். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் இறக்கப் போனால், போகும்போது யாராவது கூட்டிப் போய்விடுவார்கள். திரும்பும்போது எனக்கு ஃபோன் வரும். "ஏட்டி, ஒரு வேப்பமரம் நிக்கி, ரெண்டு ரோடு பிரியுது. எதுல வரணும்?"

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். எனக்குச் சிரிப்பாக வரும், சில நேரம் கோபமும் வரும். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் மலையைக் காட்டினேன். "அந்தா தெரியுதுல்லா, அது மேக்கு. நம்ம ஊர்ப்பக்கம் எங்கன வழி தப்புனாலும் மொதல்ல மலையத் தேடுங்க. மலைய முதுகுக்கு வச்சு நடந்தா வீட்டுப் பக்கம் வந்துரலாம்" என்றேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து அவருடைய திசைகாட்டி அந்த மலைதான்.

அவருடைய கடைக்கு ஒட்டின கடை ஸ்டேஷனரி கடை. ஜெராக்ஸ் மெஷின், நோட்டுப் புத்தகம், பேனா. அந்தக் கடைக்காரர் கிறிஸ்தவர். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே டீக்கடை, ஒருவரையொருவர் "வே" போட்டுத்தான் பேசுவார்கள். எங்கள் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரும் அவர் மனைவியும் சர்ச் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை "யக்கா" என்பாள்.

கடையநல்லூருக்கு மேற்கே, அணையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறினால் ஒரு சாமி கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மட்டும் வனத்துறை மேலே விடும். கடைத்தெருவில் ஒரு கூட்டம் வருசா வருசம் போகும். அந்த வருசம் என் வீட்டுக்காரரும் கிளம்பினார். ஸ்டேஷனரி கடைக்காரரும் கூடப் போனார். "சாமி ஒமக்கு, மலை எனக்கு" என்று சொல்லிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார். ஆடிக் காற்றில் எங்கள் ஊர் முழுக்கத் தூசி பறந்துகொண்டிருந்தது. மேகமெல்லாம் மலை உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. அந்த மேகம் மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு நமக்கு வெறும் காற்றை அனுப்புகிறது என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். மழை மறைவுப் பிரதேசம். பரீட்சையில் கட்டாயம் வரும் கேள்வி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது ஃபோன் வந்தது. கூடப் போனவர்களில் ஒருவர், பாத்திரக் கடைக்காரர்.

"டீச்சர், பதறாதீக. மேல மழை பெஞ்சு ஓடையில தண்ணி வந்துட்டு. நாங்க எல்லாரும் இந்தக் கரைக்கு வந்துட்டோம். அண்ணாச்சியும் ஸ்டேஷனரிக்காரரும் மட்டும் அந்தக் கரையில நிக்காவ."

"பாக்க முடியுதா?"

"கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் பாத்தோம். இப்ப மேகம் இறங்கிட்டு. ஒண்ணும் தெரியல."

நான் டிபன் பாக்ஸை மூடாமலே எழுந்தேன். ஸ்டேஷனரிக்காரர் மனைவியைக் கடையில் போய்க் கூப்பிட்டுக்கொண்டேன். என் தம்பி கார் எடுத்து வந்தான். மூன்று பேரும் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மலையடிவாரத்தில் வனத்துறையின் சின்ன ஆபீஸ், முன்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை. நனைந்துபோன ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பாத்திரக் கடைக்காரர் எழுந்து வந்தார். மழை நின்றதும் மறுபடி ஓடை வரைக்கும் போய்ப் பார்த்தார்களாம். அந்தக் கரையில் ஆள் இல்லையாம். கூப்பிட்டால் பதில் இல்லையாம். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவும் இல்லையாம்.

"எங்கன போயிருப்பாவ?" என்று அவள் கேட்டாள்.

அவர் எங்களுக்கு உட்கார இடம் ஒதுக்கினார். 

அந்த ராத்திரி எப்படிப் போனது என்று என்னால் எழுத முடியாது. விடிந்ததும் வனத்துறை ஆட்களும் தீயணைப்புக்காரர்களும் கயிறோடு மேலே போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கொட்டகையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை ஒரு நீலச் சுவர். பக்கத்தில் வந்து பார்த்தால் அது சுவரே இல்லை. ஒரு மலைக்குப் பின்னால் இன்னொன்று, அதன் தோளிலிருந்து இறங்கும் வேறொரு சரிவு, இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு பிளவு, அந்தப் பிளவுக்குள் வெள்ளையாகத் தண்ணீர். போர்டில் சாக்பீஸால் முக்கோணம் முக்கோணமாகப் போட்டு, இது சிகரம், இது முகடு, இது பள்ளத்தாக்கு, இது கணவாய் என்று எத்தனை வருசம் குறித்துக் காட்டியிருக்கிறேன். அந்த முக்கோணங்களுக்குள் ஒரு மனிதன் தொலைந்துபோக இவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். குனிந்து கேட்டபோது அவள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவுகளுக்கு நீச்சல் தெரியும். அவுகளுக்கு நீச்சல் தெரியும்."

என் வீட்டுக்காரருக்கு நீச்சலும் தெரியாது.

போனவர்கள் பொழுது சாயும்போது திரும்பினார்கள். மேலே கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை, அவ்வளவு மேகம் என்றார்கள். ஓடைக்கரையில் ஒரு செருப்பு கிடந்ததாம், எடுத்து வந்திருந்தார்கள். சேறு அப்பிய ரப்பர் செருப்பு. அவள் அதை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவள் புருஷனுடையது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். என் மாமியார் வீட்டுப் பக்கத்து மனுஷிகள் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி என் கழுத்தைப் பார்த்துவிட்டு அழுகையைக் கூட்டினாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்து நேராக ஆபீஸுக்குள் போய்விட்டேன்.

ரேஞ்சர் சின்ன வயசுப் பையன் மாதிரித்தான் இருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து நாளைக்கு யார் எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தார். "மேடம், வெளிய உக்காருங்க. தகவல் தெரிஞ்சா சொல்லுதேன்" என்றார்.

"சார், நான் ஜாக்ரஃபி டீச்சர். ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்.

சம உயரக் கோடுகள். வட்டம் வட்டமாக, நெருக்கமாக, கைரேகை மாதிரி. அவர்கள் தேடிய ஓடையை அவர் பேனாவால் காட்டினார். இரண்டு பக்கமும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. அப்படி நின்றால் செங்குத்தான பாறை என்று அர்த்தம். அந்தக் கரையில் மாட்டிக்கொண்ட ஆள் கீழே இறங்க முடியாது, பக்கவாட்டில் போக முடியாது. மேலேதான் போக முடியும். நான் விரலை மேலே நகர்த்தினேன். ஓடை மெலிந்து மெலிந்து முடிந்த இடத்துக்கு மேல் இரண்டு பெரிய வட்டங்கள், இரண்டு சிகரங்கள். அவற்றுக்கு நடுவே கோடுகள் விலகி ஒரு சந்து விட்டிருந்தன.

"சார், இது கணவாய் மாதிரில்லா இருக்கு?"

"கணவாய்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல மேடம். ரோடு கிடையாது. ரெண்டு மலைக்கும் நடுவுல ஒரு தாழ்வு. ஆனை தாண்டும்."

"மனுசன் தாண்ட மாட்டானா?"

"தாண்டலாம். ஆனா எதுக்குத் தாண்டப் போறாரு? அந்தப் பக்கம் கேரளாக் காடு. ஊரு இந்தப் பக்கம்லா இருக்கு."

"மேகத்துக்குள்ள அது கணவாய்னு தெரியுமா சார்? ஏறிக்கிட்டே இருந்தோம், இப்ப இறங்குதோம், அவ்வளவுதான தெரியும்?"

மொட்டை மாடியில் நான் சொன்னது, இத்தனை வருசமாக அவர் நம்பிக்கொண்டிருப்பது, எல்லாவற்றையும் அந்த ரேஞ்சரிடம் சொன்னேன். மலைக்குக் கிழக்கே இருக்கிற வரைக்கும்தான் அந்த வழி சரி. முகட்டைத் தாண்டி ஒரு அடி வைத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். மேகம் கலையும்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் மலை நிற்கும். சரியான பாதையில்தான் போகிறோம் என்று நினைப்பார்.

"அவரு இப்ப மலைய முதுகுக்கு வச்சு நடந்துக்கிட்டிருப்பாரு சார். வீட்டுக்குப் போறதா நினைச்சு."

ரேஞ்சர் அந்தச் சந்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு, "அந்தப் பக்கம் ஆபீஸுக்குச் சொல்லிப் பாக்கேன் மேடம். ஆனா என் ஆள்கள நான் ஓடையிலதான் தேட விடணும். தண்ணியில போனதுக்குத்தான் தடயம் இருக்கு" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை.

வெளியே வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் என் தோளைப் பிடித்து, "யக்கா, ஒனக்கு ஒறக்கம் இல்ல" என்றான். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் புத்தி பேதலித்துப் பேசுகிறேன் என்று இருந்தது. எனக்கே அப்படித்தான் இருந்தது. பிழைத்திருக்கிறார் என்று நம்ப ஒரு காரணம் வேண்டும், அதைப் பாடப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறேனா? அவரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருந்தால், இந்த அறிவு எதற்கு? மகள் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறிவிட்டதாக ஃபோன் செய்தாள். "அப்பா கிடைச்சாச்சாம்மா?" என்றாள். "வா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஓடை வடிந்திருந்தது. அருவிக்குக் கீழே ஒரு கசத்தில், ஆழமான அந்தத் தண்ணீரில், பாறைக்கு அடியில் ஒரு உடல் சிக்கியிருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. யார் என்று சொல்லவில்லை. ஒரு உடல். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அது மற்றவள் புருஷனாக இருக்கட்டும் என்றுதான் எனக்குள் ஓடியது, மறைக்க மாட்டேன்; அவளுக்குள் ஓடியதும் அதுவேதான் என்று பிறகு அவளே சொன்னாள். அவர்கள் அதைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கி வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் நாங்கள் கையை விடவே இல்லை.

துணிக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. அந்தக் காலில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பு அவள் கையிலிருந்து கீழே விழுந்தது.

அவள் துணியை விலக்கச் சொன்னாள். பார்த்தாள். முகத்தில் ஒட்டியிருந்த ஒரு இலையை எடுத்துப் போட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். அப்போது அவள் முகத்தில் இருந்ததைப் போல ஒன்றை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்தது கிடையாது.

"யக்கா, நீ இங்கன நிக்காத. போ."

"ஒன்ன விட்டுட்டு எங்கனட்டி போவேன்?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒனக்கு இன்னும் தெரியலல்லா? இவுக எல்லாரும் இனி அண்ணாச்சியையும் இதே தண்ணியிலதான் தேடுவாவ. ராத்திரி முழுக்க நீ என்கிட்ட சொன்னியே, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு. போய்ப் பாரு. என் கூட உக்காந்து அழ ஆயிரம் பேரு வருவாவ."

பிரேதப் பரிசோதனைக்கு வண்டி வந்தது. அவள் அதில் ஏறினாள். நான் காரில் ஏறினேன். 

செங்கோட்டை போய், மேக்கரை வழியாக அச்சன்கோவில் ரோட்டில் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் தம்பி ஹாரன் அடித்துக்கொண்டே திருப்பினான். கீழே எங்கள் பக்கத்து வயலும் தென்னந்தோப்பும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது. மலையின் உச்சிக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் சரிவு உயர்ந்து நிற்க, நடுவில் ரோடு ஒரு வாசலுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தது. கணவாய். என் வாழ்க்கையில் கணவாயில் நான் காலை வைத்தது அதுதான் முதல் தடவை. செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். இறங்கி நின்றேன். காற்று மேற்கேயிருந்து அந்தச் சந்து வழியாகப் பாய்ந்து வந்தது, என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. இந்தக் காற்றுக்கு எதிராக அவர் ஏன் நடந்திருப்பார்? முதுகைக் காட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்திருக்க மாட்டாரா? நான் நினைத்தது தப்பாக இருந்தால்? கேட்க ஒருவரும் இல்லை. திரும்பக் காரில் ஏறினேன்.

அந்தப் பக்கம் இறங்கியதும் உலகமே வேறாக இருந்தது. எங்கள் ஊர்த் தூசிக்கு ஒரு மலை தள்ளி இவ்வளவு ஈரமா? மரமெல்லாம் பாசி பிடித்து, ரோடே ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. இதற்குள் ஒரு மனிதன் சோறு இல்லாமல், சட்டை நனைந்து, எத்தனை நாள் தாங்குவான்?

அச்சன்கோவிலில் டீக்கடை, வனத்துறை ஆபீஸ், கோயில் வாசல், ஆற்றங்கரை, எல்லா இடத்திலும் ஃபோனில் அவர் போட்டோவைக் காட்டினேன். எங்கள் மகள் பிறந்தநாளுக்கு எடுத்தது, வாயில் கேக்கோடு சிரித்துக்கொண்டிருப்பார். பார்த்தவர்கள் எல்லாம் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். ரேஞ்சர் சொன்னபடி தகவல் வந்திருந்தது. அங்கிருந்த வனத்துறைப் பெரியவருக்குத் தமிழ் நன்றாக வந்தது.

"காடு ரொம்பப் பெரிசு சேச்சி. முகட்டிலிருந்து இங்க வர வழியே கிடையாது. ஆறும் நிறைஞ்சு ஓடுது. காட்டுக்குள்ள குடியிருக்கிற ஆளுங்ககிட்டச் சொல்லி விட்டிருக்கேன். அவங்கதான் உள்ள நடமாடுவாங்க, தேன் எடுக்க, குங்கிலியம் எடுக்க. அவங்க கண்ணுல பட்டாத்தான் உண்டு."

"பட்டாலும் உசுரோட இருக்கணும்லா?"

அவர் என்னை உட்காரச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் அவரிடமும் எதுவும் இல்லை.

மறுநாள் சங்கரன்கோவிலில் அவள் புருஷனை அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை; வந்து சேர்ந்த மகளை அவளோடு இருக்கச் சொல்லியிருந்தேன். ஒரு லாட்ஜ் அறை ஜன்னலில் நின்று மலையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். பின்பக்கம் பார்க்கையில் அது யாரோ தெரியாத மனிதர் மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் சூரியன் அதற்குப் பின்னால் போய் மறையும். இங்கே காலையில் அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. என் வீட்டுக்காரரும் எங்கேயோ உட்கார்ந்து இதைப் பார்த்திருந்தால், வெயில் மலைப்பக்கமிருந்து வருகிறதே என்று யோசித்திருப்பாரா? யோசித்திருக்க மாட்டார். சூரியனை வைத்துத் திசை பார்க்க நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

முற்பகலில் வனத்துறைப் பெரியவர் ஓடி வந்தார். வாசலில் நின்றே கத்தினார். "சேச்சி, ஆள் இருக்கு! உயிர் இருக்கு!"

குங்கிலியம் எடுக்கப் போன புருஷனும் பெண்டாட்டியும் ஆற்றோரப் பாறையில் அவரைப் பார்த்திருக்கிறார்கள். சட்டை இல்லாமல் உட்கார்ந்து யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். ஆளைப் பார்த்ததும் பயந்து பின்வாங்கினாராம். காட்டுக்கிழங்கை அவித்துக் கொடுத்து, அவரை முதுகில் மாறி மாறிச் சுமந்து ஜீப் வரும் இடம் வரைக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த இரண்டு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் அப்போதே திரும்பிப் போய்விட்டார்கள் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கால் இரண்டும் வீங்கி, உடம்பெல்லாம் அட்டை கடித்த ரத்தப் புள்ளிகள். உதடு வெடித்திருந்தது. நான் கையைப் பிடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி," என்றார். "எவ்வளவு நடந்தாலும் மலை பின்னாடியே நிக்கி. ஊரு வரவே இல்ல."

அவர் கண்ணை அறை முழுக்கச் சுற்றிவிட்டு, "அவன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

நான் அவர் நெற்றியைத் தடவினேன். "மொதல்ல தண்ணி குடிங்க" என்றேன். அவர் தண்ணீரைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. 

நடந்ததை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். ஓடையில் தண்ணீர் ஏறியபோது இவருக்கு நீச்சல் தெரியாததால் இரண்டு பேரும் பின்தங்கிவிட்டார்கள். கூட வந்தவர்களிடம் கயிறு இருந்தது, அது அக்கரையில். "நீரு இங்கனயே நில்லும் வே. எங்கயும் போயிராதயும். நான் போய்க் கயிறு வாங்கிட்டு வாரேன்" என்று, அக்கரை மேகத்தில் மறைந்த பிறகு, ஸ்டேஷனரிக்காரர் இறங்கியிருக்கிறார். பாதி ஓடை தாண்டிவிட்டார். திரும்பிப் பார்த்துக் கையைக்கூடக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் அங்கே இல்லை. என் வீட்டுக்காரர் கரையோடு கீழே ஓடிப் பார்த்தார், பாறை மறித்தது. மேலே ஏறி ஓடையைச் சுற்றிப் போனால் அந்தக் கரைக்குப் போய்விடலாம் என்று ஏறினார். மேகம் இன்னும் அடர்ந்துவிட்டது. ஏறி ஏறி, ஒரு இடத்தில் காற்று ஆளைத் தள்ளியது, அதற்கப்புறம் இறக்கமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பி, அவர் எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆனது. நடக்க முடிந்த முதல் நாளே அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நான் கூடப் போனேன். அவர் வாசலிலேயே நின்றார். அவள் உள்ளே வரச் சொன்னாள், நாற்காலி எடுத்துப் போட்டாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னாள். என்னிடம்கூட அவள் முன்னைப்போல் இல்லை. எதிரில் பார்த்தால் நிற்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், போய்விடுவாள். என்னைப் போகச் சொன்னவள் அவள்தான். நான் போன வழியில் என் புருஷன் கிடைத்தார். அதை அவளும் நானும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் நிலத்தோற்றங்கள் பாடம் வந்தபோது நான் வேறு டீச்சரை எடுக்கச் சொன்னேன். எனக்குப் போர்டில் முக்கோணம் போட வரவில்லை.

அவள் கடையைத் தானே நடத்த ஆரம்பித்தாள். ஒருநாள் ஜெராக்ஸ் மெஷினுக்குக் கரண்ட் வரவில்லை என்று பக்கத்துக் கடைக்கு வந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் போய் ஒயரைச் சரி செய்து கொடுத்தார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, அத்தனை மாதத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் கேட்டாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நடந்தத எனக்குச் சொல்லுங்க. ஒண்ணையும் விடாம."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள், மறுபடி கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும். அவருக்கு அதைச் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் ராத்திரி காய்ச்சல் வந்துவிடும். "இனிமே கேக்காண்டாம்னு நான் சொல்லவா?" என்று கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்லாத. அவ கேக்கட்டும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள். அவள் புருஷன் ஓடையில் இறங்கிய இடம் வரைக்கும் இவர் சொல்லியிருந்தார். அவள் அங்கேயே நிறுத்தினாள்.

"தண்ணி ரொம்பக் குளுந்து கெடந்துச்சா அண்ணாச்சி?"

ஆடி மாதத்தில் மலைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று குற்றாலம் பக்கத்தில் வாழ்கிற எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"இல்லம்மா," என்றார். "நானும் கால வச்சுப் பாத்தேன். வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். நான் எழுந்து டீ போடப் போனேன்.